சிவப்புக் குச்சி நட்ட பாத்தி

நவம்பர் 11

தூத்துக்குடியில் ஐஸ் கம்பெனி நடத்தியவனுக்குக் குளிர் என்ன பெரிய விஷயம் என்று சொல்லிக்கொண்டுதான் மலையேறினேன். வந்த மறுநாளே அந்தப் பேச்சை வாபஸ் வாங்கிவிட்டேன். அங்கே குளிர் ஓர் அறைக்குள் இருந்தது. கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தால் வெயில். இங்கே குளிர் வெளியே இருக்கிறது, கதவைச் சாத்தினால் நமக்கு முன்னால் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இந்த டைரி கிருபா கொடுத்தது. போன வருடத்து டைரி, எழுதாமல் கிடந்தது. "சும்மா இருந்தா எங்கூட சண்டை புடிப்பிய. தினம் நாலு வரி எழுதுங்க. நான் படிச்சுப் பாப்பேன்" என்றாள். படிக்கவும் படிப்பாள், டைரி மேசைமேல்தான் கிடக்கும். ஆகவே இதில் அவளைப் பற்றி நல்லதாகவே எழுத வேண்டியிருக்கிறது.

கிருபா நெல் விஞ்ஞானி, நான் அவள் புருஷன் மோசஸ். கல்யாணமான நாளிலிருந்து அவள் வேலை ஓர் ஊர், என் ஐஸ் ஓர் ஊர். சனிக்கிழமை பஸ் ஏறி ஞாயிற்றுக்கிழமை திரும்புகிற குடும்பம் எங்களுடையது. அவளுக்கு மே மாதம் ஓய்வு. கடைசிப் பயிரை இந்த ஆனைவயல் மலைப் பண்ணையில் போட்டிருக்கிறாள். நான் கம்பெனியைக் கூட்டாளியிடம் விட்டுவிட்டு வந்துவிட்டேன். ஒரே வீட்டில் ஒரு பருவம் முழுக்கச் சேர்ந்து இருக்கப்போவது இதுதான் முதல் தடவை. மேக்குப் பிறகு இருவரும் துறைமுகத்துக்குப் பக்கத்து வீட்டில் மீன் குழம்பும் வெயிலுமாக இருப்போம்.

நவம்பர் 18

இன்று என்னை வயலுக்குக் கூட்டிப்போனாள். சரிவில் படி படியாக இறங்கும் மூன்று வயல்கள். ஒவ்வொன்றிலும் பாய் விரிக்கும் அகலத்தில் சின்னச் சின்னப் பாத்திகள், பாத்திக்கு ஒரு குச்சி, குச்சியில் எண். ஒரே நெல் வகைகள்தான் மூன்று வயலிலும் இருக்கின்றனவாம். ஆனால் ஒவ்வொரு வயலிலும் இடம் மாற்றி மாற்றி நட்டிருக்கிறாள். எண்களும் குறிப்பெண்கள்தான். எது என்ன நெல் என்ற விவரம் அவள் தலைக்குள்ளும் அலுவலகப் பீரோவுக்குள்ளும் மட்டும்.

குளிர் நெல்லை என்ன செய்யும் என்று கேட்டேன். இலையைக் கருக்கும், அவ்வளவுதானே என்று நினைத்திருந்தேன்.

"இலை கருகினா போவட்டும், திரும்பத் துளுக்கும். கதிரு வெளிய வாரதுக்கு முன்ன தண்டுக்குள்ள சுருண்டு கெடக்கும் பாருங்க, சூல் கட்டுத சமயம், அப்ப குளிரு பட்டாத்தான் போச்சு. மகரந்தம் செத்துரும். வெளிய கதிரு அழகா வரும், உள்ள மணி இருக்காது. எல்லாம் பதரு."

பச்சையாக நின்று ஏமாற்றுகிற சாவு என்பது எனக்குப் புதிது. மீன் கெட்டால் உடனே நாறிவிடும், யாரையும் ஏமாற்றாது.

இந்த வகைகளில் ஒன்று அவளுடைய செல்லம். எட்டு வருடத்துக்கு முன் அவளே ஒட்டுச் சேர்த்து உண்டாக்கியது. வீட்டில் அதற்கு 'நம்ம ஆளு' என்று பெயர். நம்ம ஆளு தேறணும், நம்ம ஆளு இந்த வருஷம் நிக்கணும் என்று சாப்பிடும்போதெல்லாம் பேச்சு. எந்தப் பாத்தி என்று கேட்டால் சொல்ல மாட்டாள்.

"சொன்னா உங்க கண்ணு அங்கேயே நிக்கும். மணி எண்ணுத ஒச்சம்மாவுக்கே சொல்லலை. தெரிஞ்சா கை அந்தப் பக்கம் சாயும்ங்க."

"நான் என்ன எண்ணவா போறேன்?"

"நீங்க எண்ணமாட்டிய. வேற ஏதாவது பண்ணுவிய."

முப்பது வருடம் சனி ஞாயிறு மட்டும் பார்த்தவளுக்கு என்னைப் பற்றி எவ்வளவு அபிப்பிராயம் பாருங்கள்.

நவம்பர் 27

கருவாட்டுப் பார்சல் பஸ்ஸில் வந்தது. பொரித்தேன். குடியிருப்பு முழுக்க வாசனை. கணக்கர் வீட்டம்மா ஜன்னலை அடைத்தார். கிருபா இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டாள்.

டிசம்பர் 9

வெள்ளைக்கண்ணு என்று ஒரு விவசாயி வந்தார். பண்ணைக்கு மேலே ஓடையை ஒட்டி அவருக்கு வயல். போன வருடத்துக் கதிர் ஒன்றைக் காகிதத்தில் சுற்றி எடுத்து வந்திருந்தார். கதிர் விறைப்பாக நின்றது. மணியை நகத்தால் கீறிக் காட்டினார், உள்ளே ஒன்றும் இல்லை.

"மூணு வருசத்துல ரெண்டு வருசம் இப்பிடித்தேன் சார். நட்டது, களையெடுத்தது, காவல் காத்தது எல்லாம் மாட்டுக்கு வைக்கோல் போடத்தேன். பீன்ஸ் போடுங்கிறாய்ங்க. வயக்காட்டுல தண்ணி நிக்கும், பீன்ஸ் அழுகிப்போகும். அம்மா ஒரு வெதை குடுத்தாகன்னா நெல்லே போடுவேன்."

கிருபா அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள், வாக்குக் கொடுக்கவில்லை. "இந்தக் குளிரு முடியட்டும் அண்ணே" என்று மட்டும் சொன்னாள். அவர் போன பிறகு அந்தப் பதர்க் கதிரை ஜன்னல் கம்பியில் செருகிவைத்தாள். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

டிசம்பர் 25

காலையில் கோயில். மலைக் கோயிலில் இருபது பேர், பாட்டு மட்டும் இருநூறு பேர் பாடியதுபோல. கேக் நான் செய்தேன். நடுவில் வேகவில்லை, ஓரத்தை வெட்டி எல்லாருக்கும் கொடுத்துச் சமாளித்தேன்.

கோயில் முடிந்ததும் கிருபா நேராக வயலுக்குப் போனாள். புதுப்பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரப்பில் நடந்தாள். நான் மேலே சாலையில் நின்று பார்த்தேன். மற்றப் பாத்திகளை ஒரு பார்வை பார்த்துக் கடந்தவள், சிவப்பு மை பூசின குச்சி நட்ட பாத்தியில் நின்றாள். மூன்று வயலிலும் அப்படி ஒரு சிவப்புக் குச்சி இருக்கிறது. மூன்றிலும் நின்றாள். குனிந்து தண்டை விரலால் தடவினாள். பார்த்துவிட்டு முகத்தைத் துடைத்தாள்.

எங்கள் மகள் சின்ன வயதில் டைஃபாய்டில் கிடந்தபோது கிருபாவின் முகம் இப்படித்தான் இருந்தது. போன வாரமும் அங்கேதான் நின்றாள், முந்தாநாளும். கிருபா, உன் ரகசியம் பீரோவுக்குள் பத்திரமாக இருக்கட்டும். எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

(இதைப் படித்தாயானால் எதுவும் கேட்காதே. கிறிஸ்துமஸ் கேக் சாப்பிட்டவள் சண்டை போடக்கூடாது.)

ஜனவரி 2

கிருபா கோயம்புத்தூர் கிளம்பினாள். ஓய்வூதியக் காகித வேலை, அதோடு ஏதோ கூட்டம். பத்துப் பன்னிரண்டு நாள் ஆகுமாம். கிளம்பும்போதுதான் வானிலை அறிவிப்பு வந்தது, இந்த வாரம் கடுங்குளிர். பயிர் எல்லாம் சூல் கட்டி நிற்கிறது.

"காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை தெர்மாமீட்டரைப் பாத்து எழுதி வைங்க. அது போதும்" என்றாள்.

"குளிரு ரொம்ப அடிச்சா?"

"அடிக்கட்டும். அதுக்குத்தானே வந்திருக்கோம்."

தைரியமாகத்தான் சொன்னாள். ஆனால் பஸ் நகரும்போது ஜன்னல் வழியாக வயல் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். என்னைப் பார்க்கவில்லை.

ஜனவரி 3

காலையில் ஏழு டிகிரி. புல் வெளுத்திருந்தது. என் மூக்கு என்னுடையதுதானா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

ஒச்சம்மாவிடம் பழைய சணல் சாக்கு கேட்டேன். பண்ணையில் நடவு, களை, அறுவடை எல்லாம் அந்த அம்மாள்தான் முன்னால் நிற்பார். "எதுக்கு சார்?" என்றார். ஜன்னலில் காற்று வருகிறது என்றேன். பொய்யில்லை, வரத்தான் செய்கிறது.

ஜனவரி 4

ஆறு டிகிரி. கடைத்தெருவில் கோணி ஊசியும் சணலும் வாங்கிவந்து சாக்குகளை இணைத்துத் தைத்தேன். ஐஸ் கட்டியை உமியில் புதைத்துச் சாக்குப் போட்டு மூடித்தான் மதுரை வரைக்கும் லாரியில் அனுப்புவோம். குளிரை உள்ளே அடைத்துவைக்கிற சாக்குக்கு அதை வெளியே நிறுத்தவும் தெரியும். ஜன்னலைச் சொல்கிறேன்.

ஜனவரி 5

இந்த வீட்டில் ஜன்னல் இரண்டு. சாக்கு கொஞ்சம் அதிகமாகத் தைத்துவிட்டேன்.

சாயங்காலம் ஆட்கள் போன பிறகு நடை போனேன். டாக்டர் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஜனவரி 6

விடிந்ததும் ஒரு நடை. காலை நடை ரொம்ப நல்லது. ஆறு டிகிரி.

ஜனவரி 8

இரவில் பனி குடித்த சாக்கு என்ன கனம் கனக்கிறது. முழங்காலில் தைலம் தேய்த்தேன்.

ஒச்சம்மா நான் வரப்பில் வருவதைப் பார்த்துவிட்டு, "என்னா சார், முழங்கால் வரைக்கும் ஈரம்?" என்று கேட்டார். குளித்தேன் என்றேன். இந்தக் குளிரில் நான் குளிக்கிற லட்சணம் அந்த அம்மாளுக்கும் தெரியும்.

ஜனவரி 9

கிருபா போன் செய்தாள். எத்தனை டிகிரி என்று கேட்டாள், சொன்னேன். "நம்ம ஆளு என்ன பாடு படுதோ" என்றாள். ஒன்றும் ஆகாது என்றேன். "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். மனசு சொல்லுது என்றேன். என் மனசு எதையும் சொல்லி அவள் கேட்டதில்லை. இந்தத் தடவை, "சரி" என்றாள்.

ஜனவரி 13

கிருபா வந்துவிட்டாள். குளிரும் குறைந்துவிட்டது. ஜன்னலில் சாக்கைப் பார்த்து, "நல்ல வேலை பண்ணியிருக்கிய" என்றாள். மீதிச் சாக்கு கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. காயவைக்க வேண்டும். நல்லவேளை, பயிர் சூல் கட்டியதிலிருந்து இந்த டைரியை அவள் தொடவே இல்லை.

ஜனவரி 30

கதிர் முழுக்க வெளியே வந்துவிட்டது. இப்போது என்னைப் போன்றவனுக்கும் பார்த்தவுடன் தெரிகிறது. மணி பிடித்த கதிர் கனத்தில் தலை சாய்கிறது, பதர் விறைத்து நிற்கிறது. முக்கால்வாசிப் பாத்திகள் விறைத்துத்தான் நிற்கின்றன. அங்கங்கே ஒன்றிரண்டு சாய்ந்திருக்கின்றன. சிவப்புக் குச்சிப் பாத்திகள் மூன்றும் நன்றாகச் சாய்ந்து நிற்கின்றன.

கிருபாவின் முகத்தைப் பார்ப்பதற்காகவே கூடப் போனேன். அவள் சிவப்புக் குச்சிக்கு முன்னால் நின்றாள். கதிரைக் கையில் எடுத்தாள், ஒவ்வொரு மணியாக நசுக்கிப் பார்த்தாள். முகத்தில் சந்தோஷம் இல்லை. அடுத்த வயலுக்கு ஓட்டமாகப் போனாள். அங்கேயும் அதே. மூன்றாவது வயலில் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சாப்பிடவில்லை. தலைவலி என்றாள். சந்தோஷத்திலும் சிலருக்குத் தலை வலிக்கும் என்று எழுதிவைக்கிறேன்.

பிப்ரவரி 3

சந்தோஷம் இல்லை அது.

இன்று அலுவலகத்துக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். ஒச்சம்மா தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். கிருபா பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்திருந்தாள்.

"நாந்தேம்மா நாத்துக்கட்டைத் தூக்கிக் குடுத்தேன். ஒவ்வொண்ணாப் பாத்துத்தேன் குடுத்தேன். எங்கிட்டுக் கை தப்புச்சோ தெரியலையே."

"நீ தப்புப் பண்ணலை ஒச்சம்மா. பண்ணியிருந்தாலும் நான் பக்கத்துலதானே நின்னேன்."

வீட்டுக்கு வந்து கேட்டேன். கிருபா சொல்லச் சொல்ல என் கைகால் குளிர்ந்துவிட்டது. ஜனவரியில்கூட அவ்வளவு குளிரவில்லை.

சிவப்புக் குச்சி நம்ம ஆளு இல்லை. நம்ம ஆளோட அம்மா. கீழே சமவெளியில் அமோகமாக விளைகிற பழைய ரகம், குளிர் பட்டால் பதராகிவிடும். அது பதராகும் என்று தெரிந்தேதான் நட்டிருக்கிறாள். அது பதரானால்தான் குளிர் போதுமான அளவு அடித்தது, மற்றவை உண்மையிலேயே குளிரைத் தாங்கின என்று சொல்ல முடியும். சாவதற்கென்றே நட்ட பயிர் அது. அதுதான் கதிர் சாய்ந்து நிற்கிறது.

"மத்ததெல்லாம் பதராயிருக்கே, குளிரு அடிச்சிருக்குதுல்லா?" என்றேன்.

"அதான் பயமே. குளிரு அடிச்சிருக்கு, இது மட்டும் தப்பிச்சிருக்குன்னா அர்த்தம் ஒண்ணுதான். நடும்போது நாத்து மாறிப்போச்சு. எல்லாம் ஒரே அம்மாவோட பிள்ளைகள், பாத்தா சாடை ஒண்ணுபோல இருக்கு. இது மாறியிருந்தா வேற எது எது மாறிச்சோ. நம்ம ஆளு பாத்தியும் நல்லா சாஞ்சிருக்குங்க. ஆனா அது நம்ம ஆளுதானான்னு இப்ப எனக்கே தெரியலை. கோயம்புத்தூருக்கு அனுப்பிப் பரிசோதிக்கலாம். முடிவு வாரதுக்குள்ள நான் வீட்டுக்குப் போயிருப்பேன்."

விவசாயிக்கு விதை கொடுக்கலாமா என்று முடிவு செய்கிற குழு அடுத்த மாதம் வருகிறது. இந்தப் பருவம் செல்லாது என்று அவளே எழுதிக் கொடுக்கப்போகிறாளாம்.

பிப்ரவரி 4

கேஸ் தீர்ந்தது. சிலிண்டர் மாற்றினேன்.

பிப்ரவரி 5

வெள்ளைக்கண்ணு வந்தார். கிருபா வயலில் இல்லை என்று நான் சொன்னேன். இருந்தாள்.

பிப்ரவரி 6

துணி துவைத்தேன். கிருபாவுக்குப் பிடித்த இடியாப்பம் செய்தேன். "என்ன விசேஷம்?" என்றாள். ஒன்றும் இல்லை என்றேன்.

அவள் என்னைத் திட்டுவாள் என்று பயமில்லை. திட்டு எனக்குப் பழக்கம். வேறு ஏதாவது பண்ணுவீர்கள் என்று நவம்பரிலேயே சொன்னாளே, அதை நான் நிரூபித்துவிட்டேன் என்பதைத்தான் வாயைத் திறந்து சொல்ல முடியவில்லை.

பிப்ரவரி 8

ஒச்சம்மா வேலைக்கு வரவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையாம், வர வெட்கமாக இருக்கிறதாம்.

பிப்ரவரி 9

காலையில் கட்டிலுக்கு அடியில் இருந்த சாக்கையெல்லாம் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். கிருபா எழுதிக்கொண்டிருந்தாள். மேசைக்கு முன்னால் சாக்கை இறக்கினேன்.

"ஜன்னல் சாக்கை ஏன் இங்க கொண்டாந்திய?"

"இது ஜன்னலுக்குத் தைச்சது இல்ல."

சொன்னேன். ஒன்றும் விடாமல் சொன்னேன். சாயங்காலம் மூங்கில் குச்சி நட்டுச் சாக்கை மேலே விரித்ததையும், விடிந்ததும் எடுத்ததையும், ஒச்சம்மாவிடம் குளித்ததாகச் சொன்னதையும்கூட. அவள் பேனாவை மூடிவைத்தாள். கத்துவாள் என்று நின்றேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எந்த எந்த ராத்திரி?" என்றாள்.

சொன்னேன்.

"சிவப்புக் குச்சி மட்டுந்தானா? பக்கத்துப் பாத்தி மேல சாக்கு பட்டுச்சா?"

"ஓரம் கொஞ்சம் பட்டிருக்கும்."

"வாங்க."

வயலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். மூன்று வயலிலும் நான் செய்தபடியே சாக்கை மறுபடி விரிக்கச் சொன்னாள். அளந்தாள், எழுதினாள், பக்கத்துப் பாத்தியில் ஓரத்துக் கதிர்களை எண்ணினாள். பட்டப்பகலில், ஆட்கள் எல்லாம் பார்க்க, சாக்கும் கையுமாக நின்றேன். சாக்குக்கு வெளியே தப்பி நின்ற ஒரு தூரை இழுத்துக் காட்டினாள். அதே சிவப்புக் குச்சிப் பாத்திதான். அந்தத் தூர் மட்டும் விறைத்து நின்றது. முழுக்கப் பதர். ஒவ்வொரு வயலிலும் அப்படி இரண்டொரு தூர்கள் இருந்தன. ஆடு கடித்ததோ நோயோ என்று ஒதுக்கி வைத்திருந்தாளாம்.

"அப்ப நாத்து மாறலை" என்றாள். எனக்குச் சொன்னதா பயிருக்குச் சொன்னதா தெரியவில்லை. பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

"ஏன்ங்க?"

"நீ அதுகிட்டத்தானே நின்னுக்கிட்டே இருந்த. கிறிஸ்துமஸ் அன்னைக்குக்கூட."

"அது செத்துருச்சான்னு பாக்க நின்னேன்."

"முகம் அப்படி இருந்துச்சே, கிருபா. பிள்ளைக்குக் காய்ச்சல்னா இருக்குமே, அப்படி."

அவள் சாக்கை மடித்தாள். மடித்த சாக்கை மறுபடி மடித்தாள்.

"சாவப்போறதுன்னு தெரிஞ்சு நட்டுட்டு நின்னா முகம் வேற எப்படி இருக்கும்? அதையும் நான்தானே வளத்தேன்."

முகத்தைச் சரியாகத்தான் படித்திருக்கிறேன், அர்த்தத்தைத்தான் தப்பாகப் புரிந்துகொண்டேன். சனி ஞாயிறு குடும்பத்தில் இவ்வளவுதான் படிக்க முடியும்.

பிப்ரவரி 10

ஒச்சம்மா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். வாசலில் நிற்கவைத்தே முழுக்கக் கேட்டார். "அப்ப அந்த ஈரம் குளிச்ச ஈரம் இல்ல" என்றார். இல்லை என்றேன். "எனக்கு அப்பவே தெரியும் சார். நீங்க குளிக்கிற ஆளா" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார், அப்புறம் கொஞ்சம் அழுதார். நாளைக்கு வேலைக்கு வருகிறாராம்.

பிப்ரவரி 13

கிருபா என்னோடு பேசுவதில்லை. ஒச்சம்மாவிடம் சொல்லி அனுப்புகிறாள். "அம்மா சாம்பார்ல உப்புக் கொறச்சல்னு சொல்லச் சொன்னாக." நான் பதில் அனுப்பினேன். ஒச்சம்மாவுக்கு நடந்து நடந்து கால் வலி. "நீங்க ரெண்டு பேரும் என்னையவே நடுவுல வச்சுச் சண்டை போடுங்க, நல்லாத்தேன் இருக்கு" என்றார்.

டைரியைக் கிருபா எடுத்துப் படித்திருக்கிறாள். ஜனவரிப் பக்கங்கள் மடங்கியிருந்தன. 'காலை நடை ரொம்ப நல்லது' என்ற வரிக்குக் கீழே பென்சிலில் கோடு.

பிப்ரவரி 15

இன்று அவளே வந்து, "முழங்காலு எப்படி இருக்கு?" என்று கேட்டாள். வலிக்கிறது என்றேன். தைலம் எடுத்து வந்து தேய்த்துவிட்டாள். அழுத்தித் தேய்த்தாள். கோபம் முழுக்கப் போகவில்லை என்று அதிலேயே தெரிந்தது. இருந்தாலும் காலை நான் இழுத்துக்கொள்ளவில்லை.

மார்ச் 6

குழு வந்து போயிற்று. கிருபா எல்லாவற்றையும் எழுதியே கொடுத்தாள். பாத்திகளை மூடியது யார் என்று தலைவர் கேட்டாராம். "என் வீட்டுக்காரர்" என்றாளாம். எதற்கு என்று கேட்டாராம். "என் மேல உள்ள பிரியத்துல" என்றாளாம். குழுவின் மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள் என்று என்னிடம் சொல்லும்போது அவளும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

நாற்று மாறவில்லை என்று ஒத்துக்கொண்டார்கள். நம்ம ஆளு குளிரைத் தாங்கியது உண்மைதான் என்றும் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் சிவப்புக் குச்சிப் பாத்திகளைக் கணக்கில் சேர்க்க முடியாது. அது இல்லாமல் இந்த ஒரு வருடத்தை மட்டும் வைத்து விவசாயிக்கு விதை கொடுக்க முடியாது. இன்னொரு குளிர்காலம் நட்டுப் பார்க்க வேண்டும். கிருபாவின் இடத்துக்கு ஆள் போடவில்லை. விவசாயி நிலத்தில் அவளே செய்தால் ஏற்றுக்கொள்கிறோம் என்று மரியாதைக்குச் சொன்னார்களாம். ஓய்வு பெற்ற பிறகு யார் இந்த மலையில் உட்கார்ந்திருக்கப்போகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாதா.

"போவட்டும். எட்டு வருஷம் பாத்தாச்சு" என்று சொல்லிவிட்டு கிருபா படுத்துக்கொண்டாள்.

மார்ச் 9

காலையில் எழுந்தபோது பெட்டி கட்ட ஆரம்பித்திருந்தாள். மேக்கு இன்னும் நாள் கிடக்கிறது. முதலில் கம்பளிகளை மடித்து வைத்தாள். ஊரில் வெயில், வீட்டுக்கு வெள்ளையடிக்கச் சொல்லணும், நல்ல வஞ்சிரம் வாங்கணும் என்று எனக்குப் பிடித்ததாகவே பேசிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

நான் ஓடைப் பக்கம் ஏறிப்போனேன். வெள்ளைக்கண்ணு வயலில் இருந்தார். மேல் வயல் ஒன்றும், அவர் அண்ணன் பூட்டிவைத்திருக்கும் வீடும் ஒரு வருடத்துக்கு வேண்டும் என்றேன். அவர் மண்வெட்டியை வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சார், நீங்க குளிர் தாங்க மாட்டீகளே."

"தாங்க மாட்டேன்தான். வீட்டுல அடுப்பு இருக்குல்லா?"

"இருக்கு சார். அது போக, எந்த வயல்னாலும் எடுத்துக்கங்க."

திரும்பி வந்து கிருபாவிடம் சொன்னேன். கையில் வைத்திருந்த கயிறு அப்படியே நின்றது.

"உங்களுக்குக் கடலு?"

"கடல் எங்கேயும் போவாது. இன்னும் ஒரு வருஷம் அங்கேயேதான் கிடக்கும்."

பெட்டிமேல் உட்கார்ந்தாள். பிறகு விஞ்ஞானிக் குரலில் பேசினாள். அந்தக் குரல் வந்தால் அழுகையை அடக்குகிறாள் என்று இந்த ஒரு பருவத்தில் கற்றுக்கொண்டேன்.

"சிவப்புக் குச்சியும் நடுவேன். இந்தத் தடவை அது கண்ணு முன்னாலேயே பதராப் போவும். ஒரு சாக்கு, ஒரு துண்டு மேல போடக்கூடாது. சும்மா நின்னு பாக்கணும். உங்களால முடியுமா?"

"உன்னால முடியுதா?"

"முடியாது. ஆனா நிப்பேன்."

"அப்ப நானும் பக்கத்துல நிக்கேன்."

அவள் எழுந்து, கட்டிய பெட்டியை அவிழ்த்துக் கம்பளிகளை வெளியே எடுத்தாள்.